காற்றின் கணக்கு

தமிழ்நாட்டு மின்சார வரலாறு: அத்தியாயம் 17

பைகாரா நீர்வீழ்ச்சியின் வேகத்தைக் குழாய்களில் அடக்கி 1932-ஆம் ஆண்டில் நீலகிரியிலிருந்து மின்சாரம் பிறப்பித்த கதையையும், மேட்டூர் அணையின் நீரால் 1937-இல் யந்திரங்கள் சுழலத் தொடங்கிய கதையையும், சர் சி.பி. ராமஸ்வாமி ஐயரின் ராஜாங்கச் செல்வாக்கும் ஹென்றி ஹோவர்டு என்னும் தலைமைப் பொறியாளரின் விடாமுயற்சியும் அந்தக் காரியங்களுக்கு எவ்விதம் துணை நின்றன என்பதையும் முன்னைய அத்தியாயங்களில் பார்த்தோம். அந்த நீர்மின் யுகத்தில் செங்கல்பட்டு ஜில்லாவுக்கு உற்பத்தியில் யாதொரு பங்கும் இல்லை. மதுராந்தகம், செம்பரம்பாக்கம் முதலிய பேரேரிகளாலும் கணக்கற்ற சிற்றேரிகளாலும் பெயர் பெற்ற அந்தப் பிரதேசத்தில் நீர் தேங்கி நிற்கும், உயரத்திலிருந்து விழாது. பாலாறோ வருஷத்தின் பெரும்பகுதியில் மணல்வெளி. ஆகவே செங்கல்பட்டு, மின்சாரத்தை வேறு இடத்திலிருந்து வாங்கிக்கொள்ளும் ஜில்லாவாகவே இந்தச் சரித்திரத்துக்குள் பிரவேசித்தது. 1947-இல் சென்னை மின்சாரக் கம்பெனியை அரசாங்கம் ஏற்றுக்கொண்டதும், 1957 ஜூலை முதல் தேதி மாநில மின்சார வாரியம் அமைந்ததும் வழி திறந்துவிட, அதன் பிறகு கிராமம் கிராமமாகக் கம்பம் நட்டார்கள். ஏற்றமும் கவலையும் இறைத்த கிணறுகளில் பம்ப்செட்டுகள் ஒலிக்கத் தொடங்கின. ஏரி வற்றிய வருஷத்திலும் ஒரு போகமாவது கைக்கு வரும் என்ற நம்பிக்கை குடியானவனுக்கு உண்டாயிற்று.

ஆனால் அந்த நம்பிக்கைக்கு ஆதாரமான மின்சாரம், ஏரியைப் போலவே, மழையை எதிர்பார்த்து நின்றது. பருவமழை பொய்த்த வருஷங்களில் நீலகிரி அணைகளின் நீர்மட்டம் இறங்க, சமவெளியில் மின்வெட்டு அமலாகும். நிலக்கரியைக் கொண்டு அந்தக் குறையை நிரப்பும் முயற்சி ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்கையில், 1973-ஆம் ஆண்டு அரபு நாடுகள் பெட்ரோலிய எண்ணெயின் விலையை உயர்த்த, உலகமெங்கும் அரசாங்கங்கள் தீர்ந்துபோகாத சக்தியைப் பற்றிச் சிந்திக்கத் தலைப்பட்டன. இந்திய அரசாங்கம் 1981-இல் இதற்கென ஓர் ஆணைக்குழுவையும், 1982-இல் மரபுசாரா எரிசக்திக்குத் தனி இலாகா ஒன்றையும் ஏற்படுத்தி, 1992-இல் அந்த இலாகாவையே தனி அமைச்சகமாக உயர்த்திற்று. தமிழ்நாட்டில் எண்பதுகளின் நடுவில் எரிசக்தி மேம்பாட்டு முகமை தோன்றிற்று. இந்த ஸ்தாபனங்களின் பெயர்களை அடுக்கிச் சொல்வது எளிது. அவற்றுக்குக் கையில் எடுத்து வேலை செய்ய ஒரு பொருள் வேண்டியிருந்ததே, அதைத் தந்தவர் யார் என்பதைத்தான் நாம் நின்று கவனிக்க வேண்டும்.

அவர் அன்னா மாணி என்னும் பெண்மணி. 1918-இல் பீருமேட்டில் பிறந்து, சென்னை ராஜதானிக் கல்லூரியில் பௌதிகம் பயின்று, பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்து, பின்பு இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தவர். வெயிலையும் காற்றையும் அளக்கும் கருவிகளை வெளிநாட்டிலிருந்து தருவித்துக்கொண்டிருந்த தேசத்தில், அவற்றை நம் பட்டறைகளிலேயே செய்யலாம், செய்தவற்றைத் துல்லியமாகத் திருத்தியும் அமைக்கலாம் என்று நிரூபித்தார். 1957, 1958-ஆம் ஆண்டுகளில் உலக நாடுகள் கூடி நடத்திய பூபௌதிக ஆராய்ச்சியின்போது, சூரிய கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடு முழுவதும் நிறுவியதில் அவர் பங்கு பெரிது. 1976-இல் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் ஓயாமல், இந்தியாவின் எந்தெந்த ஊரில் எந்தெந்த மாதத்தில் எவ்வளவு வெயில் விழுகிறது என்பதை 1980-லும் 1981-லும் இரண்டு பெரு நூல்களாகவும், காற்றைப் பற்றிய புள்ளிவிவரங்களை மூலே என்பவருடன் சேர்ந்து 1983-இல் மற்றொரு நூலாகவும் தொகுத்து வெளியிட்டார். நீண்ட கம்பங்களை நட்டு, உச்சியில் கருவி பொருத்தி, மணிக்கணக்காக, மாதக்கணக்காகக் காற்றின் வேகத்தைக் குறித்துவைக்கும் அளவாய்வுக்கும் அவரே தலைமை தாங்கினார். பெரிய யந்திரங்களைத் திறந்துவைத்தவர்களின் பெயர்கள் கல்வெட்டுகளில் இருக்கின்றன. எந்த இடத்தில் யந்திரத்தை நாட்ட வேண்டும், எந்த இடத்தில் நாட்டக் கூடாது என்று சொல்லக்கூடிய அறிவைச் சம்பாதித்துக் கொடுத்தவரை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்துவைக்காதிருப்பது பெருங்குறை என்றே கருதுகிறேன்.

அளப்பது ஏன் அத்தனை முக்கியம் என்று வாசகர் வினவலாம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் அடங்கிய சக்தி எட்டு மடங்காகும் என்பது இயற்கையின் விதி. வேகத்தில் சிறு குறைவு நேர்ந்தாலும் உற்பத்தியில் பெருங்குறைவு நேர்ந்துவிடும். காற்று நன்றாக அடிக்கிறது என்று தேகத்துக்குத் தோன்றுவது மாத்திரம் ஓர் ஆலைக்குப் போதிய ஆதாரம் அன்று.

மாமல்லபுரத்துக் கரையே இதற்குத் தகுந்த உதாரணம். கடற்கரைக் கோயிலின் அருகே நிற்பவருக்குக் காற்றுக்குப் பஞ்சமே இல்லை என்றுதான் தோன்றும். கச்சானும் கொண்டலும் வாடையும் எப்பொழுது மாறும் என்று அந்தக் கரையின் மீனவர்கள் வானிலை அறிக்கையைக் காணாமலேயே சொல்லுவார்கள். பிற்பகலில் கடற்காற்று உள்ளே நுழைந்ததும் செங்கல்பட்டு வரையில் வெக்கை தணியும். ஆயினும் மின்சாரத்துக்கு வேண்டிய அளவு நெடுநேரம் சீராக நீடிக்கும் வேகம் இந்தக் கரையில் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறிக்கிறது; ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் ஆகிய கணவாய்களின் வழியே மாத்திரம் அது நெருக்குண்டு, வேகம் மிகுந்து, தமிழ்நாட்டுக்குள் பாய்கிறது. வைகாசி முதல் புரட்டாசி வரையில் முப்பந்தலில் மரங்களை வளைக்கும் அந்தக் காற்று, செங்கல்பட்டை வந்தடையும்போது உலர்ந்த மேல்காற்றாய் ஓய்ந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே வீசுவதோ சில வருஷங்களில் புயல். 2012 அக்டோபரில் ‘நீலம்’ புயலும், 2022 டிசம்பரில் ‘மாண்டஸ்’ புயலும் மாமல்லபுரத்துக்கு அருகேதான் கரையைக் கடந்தன. வருஷத்தில் பல மாதம் போதாத காற்றும், ஒரு நாள் தாங்கவொண்ணாத காற்றும் உள்ள இடத்தில் பெரும் ஆலைகள் எழாததற்கு அளவுகோலே காரணம், அலட்சியம் காரணமன்று.

1983-ஆம் ஆண்டு ஜூலையில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் இந்தியப் பொறியாளர்கள் தாமே கட்டிய முதல் அணுமின் நிலையத்தை இந்திரா காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தார். இரண்டாவது உலை 1985-இல் உயிர் பெற்றது. இரண்டும் தலா 220 மெகாவாட் என்று இன்று மதிப்பிடப்படுகின்றன. அதற்கு அடுத்த 1986-ஆம் வருஷத்தில், தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில், ஒவ்வொன்றும் 55 கிலோவாட் திறனே கொண்ட சிறு யந்திரங்களை வரிசையாக நாட்டி, வாரியம் தன் முதற் காற்றாலைப் பண்ணையை அமைத்தது. பண்ணை முழுவதும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு மெகாவாட். கல்பாக்கத்துக்கு எதிரே இதை நிறுத்திப் பார்த்தவர்கள் இதனை ஓர் ஆராய்ச்சிக்கூடத்து வேடிக்கை என்று எண்ணியிருந்தால் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் 2025-ஆம் ஆண்டு மார்ச்சில் தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் நிறுவுதிறன் 11,000 மெகாவாட்டைக் கடந்திருந்தது. ஒன்று பதினோராயிரமானது எப்படி?

யந்திரம் முன்னேறியது மெய். டென்மார்க்கின் உதவியோடு கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் மாதிரிப் பண்ணைகள் எழுந்து தனியாரின் ஐயத்தைப் போக்கியதும் மெய். எனினும் அந்த வளர்ச்சியின் முக்கியமான காரணத்தை வரவு செலவுப் புத்தகத்தில்தான் தேட வேண்டும் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். கோயம்புத்தூரில் நூற்பாலை வைத்திருப்பவர் கன்னியாகுமரி ஜில்லாவில் காற்றாலை நாட்டுகிறார் என்று கொள்வோம். அங்கே பிறக்கும் மின்சாரத்தை வாரியத்தின் கம்பிகளில் ஏற்றி, ஒரு கட்டணத்தைக் கொடுத்துவிட்டுத் தம் ஆலையில் எடுத்துக்கொள்ள அவருக்கு அனுமதி உண்டு. ஆடியில் ஆலைக்குத் தேவைப்பட்டதைக் காட்டிலும் மிகுதியாகக் காற்று வீசினால், மிகுந்த யூனிட்டுகளை வாரியத்தின் கணக்கில் வரவு வைத்து, காற்றடங்கிய மாசியில் திரும்பப் பெறவும் அந்நாளில் அனுமதி இருந்தது. உண்மையில் மின்சாரம் எங்கும் சேமித்துவைக்கப்படவில்லை. ஆடியின் மின்சாரம் ஆடியிலேயே யார் வீட்டிலோ எரிந்துவிட்டது. மாசியில் அவருக்குக் கிடைத்தது நிலக்கரியில் பிறந்ததாக இருக்கலாம். ஆனாலும் ஏட்டில் அவர் காற்று அவருக்கே திரும்பி வந்தது. காற்றின் சபல குணத்தை ஒரு கணக்குப்பிள்ளையின் பேனா நேர்செய்துவிட்டது.

மற்றொரு சலுகை மத்திய அரசாங்கத்தின் வருமான வரிச் சட்டத்தில் இருந்தது. ஆலையின் விலை முழுவதையும் முதல் வருஷத்திலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்ற விதியால், லாபம் ஈட்டும் ஸ்தாபனங்களுக்கு வரி கட்டுவதைவிடக் காற்றாலை நாட்டுவது அனுகூலமாயிற்று. 1987-இல் தொடங்கிய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி மேம்பாட்டு முகமை கடன் கொடுக்கலாயிற்று. 1990-களின் நடுவில் மத்திய அமைச்சகம், 1994-95-ஐ அடிப்படை வருஷமாகக் கொண்டு யூனிட்டுக்கு ரூ. 2.25 கொடுத்து, வருஷந்தோறும் நூற்றுக்கு ஐந்து உயர்த்துமாறு மாநிலங்களுக்கு வழிகாட்டிற்று. கேட்க வேண்டுமா? ஆரல்வாய்மொழியில் தென்னைக்கும் பனைக்கும் மேலே வெள்ளைத் தூண்கள் எழும்பின.

இந்தச் சலுகையின் குறையையும் மறைக்காமல் எழுதுவது சரித்திரக்காரனின் கடமை. தேய்மான விதி, யந்திரத்தை நாட்டியதற்குப் பரிசளித்ததே ஒழிய, அது சுழன்று மின்சாரம் கொடுத்ததா என்று விசாரிக்கவில்லை. ஆகவே காற்றை ஆராயாமல், நிதியாண்டு முடியுமுன் அவசரமாக நாட்டப்பட்ட யந்திரங்களும் உண்டு. 1996-இல் குறைந்தபட்ச மாற்று வரி வந்தபோது அந்த உற்சாகம் சட்டென்று தணிந்ததே, சூத்திரக்கயிறு எங்கே இருந்தது என்பதற்கு அத்தாட்சி. பிற்பாடு அரசாங்கம் தேய்மான விகிதத்தை 80 சதவீதமாக்கி, 2012-இல் விலக்கி, 2014-இல் மீட்டு, 2017-இல் 40 ஆகக் குறைத்தது. இடையில் 2009-இல், உற்பத்தியான ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு ஊக்கத்தொகை என்ற நியாயமான திட்டமும் வந்தது. நியாயமானது என்று நான் சொல்வதற்குக் காரணம், அது தூணுக்கு அல்லாமல் சுழற்சிக்குக் கூலி கொடுத்தது. யூனிட்டுகளை வரவு வைக்கும் வசதியும் நிலைக்கவில்லை. மலிவான பருவத்தில் வாங்கிக்கொண்டு கிராக்கியான பருவத்தில் திருப்பித் தருவதால் தனக்கு நஷ்டம் என்று வாரியம் நெடுங்காலம் முறையிட்டதன் பேரில், 2018 ஏப்ரல் முதல் வரும் புதிய ஆலைகளுக்கு மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அதை மறுத்தது.

காற்று வீசாத செங்கல்பட்டு இந்தக் கதையில் மறுபடியும் பிரவேசிக்கும் இடம் விசித்திரமானது. 1998-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் காற்றாற்றலுக்கென்று ஒரு தேசிய ஆராய்ச்சி மையத்தை நிறுவத் தீர்மானித்து, பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் பூமியான பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில் அதை அமைத்தது; யந்திரங்களைச் சோதிக்கும் நிலையம் மாத்திரம், காற்றுள்ள இடமான கயத்தாற்றில். 2014-இல் தேசிய காற்றாற்றல் நிறுவனம் என்று பெயர் மாறிய இந்த மையம், அன்னா மாணி தொடங்கிய வேலையின் நேரான வாரிசு. 50 மீட்டர் உயரத்தில் அளந்தபோது இந்தியாவின் காற்றாற்றல் 49 கிகாவாட் என்று வந்த கணக்கு, 100 மீட்டர் உயரத்துக்கு 302 கிகாவாட் என்றும், 120 மீட்டருக்கு 695 கிகாவாட் என்றும் வளர்ந்ததை இங்கிருந்துதான் அறிவித்தார்கள். வீசுவது அதே காற்றுதான். நாம் எட்டிப் பிடிக்கும் உயரம் மாறிற்று. ஸ்பெயின் தேசத்துக் கமேசா நிறுவனம் பாலாற்றுக்குத் தெற்கே மாமண்டூரில் காற்றாலைகளின் தலைப்பாகத்தைப் பொருத்தும் தொழிற்சாலையை நிறுவியதால், ஜில்லா வாலிபர்கள் பலர், தங்கள் ஊரில் சுழலாத யந்திரங்களைச் செய்து தேசத்துக்கு அனுப்புகிறவர்கள் ஆனார்கள்.

அதே காலத்தில், அதே ஜில்லாவின் தென்கோடியில், முற்றிலும் வேறான ஒரு வருங்காலமும் திட்டமிடப்பட்டது. செய்யூரில் 4,000 மெகாவாட் திறனுள்ள நிலக்கரி மின் நிலையம் ஒன்றையும், நிலக்கரியை இறக்கப் பனையூர்க் கரையில் ஒரு துறைமுகத்தையும் மத்திய அரசாங்கம் உத்தேசித்தது. உப்பளங்களும், முதலியார்குப்பத்து உப்பங்கழியும், வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகள் இரை தேடும் நீர்நிலைகளும் சூழ்ந்த பிரதேசம் அது. மீனவர்களும் விவசாயிகளும் ஆட்சேபித்தார்கள். 2013-இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தும் வழக்குகள் தொடர்ந்தன. முடிவில் நிலையத்தை எழவொட்டாமல் தடுத்ததில் கணக்குக்கும் பங்குண்டு. ஏலத்தின் நிபந்தனைகள் தங்களுக்குக் கட்டாது என்று தனியார் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகிக்கொள்ள, செய்யூர் நிலையம் எழாமற்போயிற்று. அந்தக் கரை தப்பியதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அது ஓர் அரசாங்கக் கொள்கையின் தீர்க்கதரிசனத்தால் தப்பியிருந்தால் என் மகிழ்ச்சி இன்னும் பெரிதாயிருக்கும்.

2012-ஆம் வருஷத்து மின்வெட்டை எவரும் மறந்திருக்க முடியாது. சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால், வெளி ஜில்லாக்களில் பாதி நாளுக்கு மேல் இருள். செங்கல்பட்டில் ஜனங்கள் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு விசிறிக்கொண்டிருந்த அதே ஆண்டில், பலத்த காற்று வீசிய நேரங்களில், மின்பாதைகளுக்குத் தாங்கும் வலு இல்லையென்று காற்றாலைகள் நிறுத்திவைக்கப்பட்டன. உற்பத்திக்குச் சலுகை கொடுத்த கொள்கை, கம்பிகளைப் பலப்படுத்தக் காலத்தில் முந்திக்கொள்ளாததன் பலன் அது. தென்னிந்திய மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31 அன்று தேசத் தொகுப்போடு இணைந்த பிறகே மிச்சத்தை வெளியே அனுப்பவும் குறைவுக்கு வரவழைக்கவும் வழி பிறந்தது.

வெயில் விஷயத்தில் செங்கல்பட்டு ஏழையன்று. 2012-இல் மாநில அரசாங்கம் வெளியிட்ட சூரிய சக்திக் கொள்கை 2015-க்குள் 3,000 மெகாவாட் என்று இலக்கு வகுத்தது. குறித்த காலத்தில் எட்டப்படாவிட்டாலும், 2016-இல் கமுதியில் எழுந்த 648 மெகாவாட் நிலையம் முதலியவற்றால் மாநிலத்தின் சூரிய மின்திறன் பின்னாளில் 10,000 மெகாவாட்டை எட்டிற்று. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலில் இன்று இரவு விளக்குகளுக்கு வேண்டிய மின்சாரத்தை, தலா 10 கிலோவாட் திறனுள்ள மூன்று சூரிய அமைப்புகள் கொடுக்கின்றன. இது அழகிய காரியம். ஆனால் அங்கிருந்து சிறிது தொலைவில் உள்ள நெம்மேலியில், 2013 முதல் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் நிலையம் நடந்துவருகிறது. 2024-இல் 15 கோடி லிட்டருக்கு மற்றொன்றும் சேர்ந்தது. ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் என்று வைத்துக்கொண்டால், முழு அளவில் நடக்கும் நாளில் அவ்விரண்டும் ஏழரை முதல் பத்து லட்சம் யூனிட்டுகளை விழுங்கும். கோயிலின் விளக்கு எரிவதை மாத்திரம் பார்த்துவிட்டு இந்தக் கரையின் மின்கணக்கு நேராகிவிட்டது என்று திருப்தியடைய நமக்கு உரிமையில்லை.

காற்றின் கணக்கு எழுதப்பட்ட காலத்தில் அது நூற்பாலைகளுக்கும் வரி செலுத்தும் கம்பெனிகளுக்கும் ஏற்றபடி எழுதப்பட்டது, அவர்கள் முதல் போட்டார்கள், பலனையும் பெற்றார்கள், அதில் தவறில்லை. சூரிய ஒளியின் கணக்கோ இன்னும் எழுதப்பட்டுக்கொண்டேயிருக்கிறது. வீட்டுக் கூரையில் பிறக்கும் யூனிட்டை என்ன விலைக்கு வரவு வைப்பது, அதற்கு மின்பாதைக் கட்டணம் எவ்வளவு வாங்குவது, தனிக் கூரை இல்லாத குடியிருப்புவாசிக்கும் குப்பத்து மீனவருக்கும் அதில் பங்கு எப்படிக் கொடுப்பது என்பவற்றை ஒழுங்குமுறை ஆணையம் அவ்வப்போது தீர்மானிக்கிறது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி, கட்டணத்தை நிர்ணயிக்குமுன் பொதுமக்களின் கருத்துகளையும் ஆட்சேபங்களையும் ஆணையம் கேட்டாக வேண்டும். ஆலை அதிபர்களின் சங்கங்கள் ஒருமுறையும் தவறாமல் தங்கள் மனுவை எழுதி அனுப்புகின்றன. செங்கல்பட்டிலும் மாமல்லபுரத்திலும் இந்தத் தொடரைப் படிக்கும் அன்பர்கள், அடுத்த விசாரணை அறிவிப்பு பத்திரிகையில் வரும்போது, ஒரு பக்கமாவது எழுதி அனுப்ப வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.